1330 குறளையும் ஒரே பைத்தான் ஃபைலுக்குள் வைத்துப் படிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டினால் ஒரு குறள் காட்டும் சின்ன ப்ரோகிராம் ஒன்றை பைத்தானில் எழுதியிருக்கிறீர்கள். 1330 குறளும் பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன. உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. தம்பிக்கு அனுப்பினீர்கள். அவருடைய விண்டோஸில் முதலில் ‘ஃபைலைக் காணவில்லை’ என்று வந்தது. டெக்ஸ்ட் ஃபைலையும் அனுப்பி அதே ஃபோல்டரில் வைத்த பிறகு, ‘15ஆம் இடத்தில் உள்ள 81 என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை’ என்று வந்தது. பெர்ல் என்ற இன்னொரு ப்ரோகிராம் மொழியில் கோடுக்குக் கீழேயே உரையை ஒட்டிவைத்து, ஃபைலைப் படிப்பதுபோல வரிவரியாகப் படிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை பைத்தானில் எப்படிச் செய்வது என்று கேட்கிறீர்கள்.

கேள்வி பெர்லைப் பற்றியதுபோலத் தெரிந்தாலும், உங்களுக்கு வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். உரை ப்ரோகிராமோடு சேர்ந்தே போக வேண்டும், போகிற இடத்தில் எழுத்து உடையக் கூடாது. இந்த இரண்டும் கிடைத்தால் உரை ஃபைலின் எந்த மூலையில் இருந்தாலும் உங்களுக்குக் கவலை இருக்காது. உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. ஆகவே சில இடங்களில் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது; அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 15 என்ற எண். நோய் என்ன என்று அதுவே சொல்லிவிடுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். உங்கள் ஃபைல் ‘அகர முதல’ என்று தொடங்குகிறது. அ, க, ர மூன்றுக்கும் 9 பைட். அடுத்து இடைவெளிக்கு 1. ‘மு’ நமக்கு ஓர் எழுத்து; கம்ப்யூட்டருக்கு அது மகரமும் அதன் பின்னால் வரும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடு. மகரத்தின் 3 பைட்டையும் கூட்டினால் 13. அதற்கடுத்த உகரக் குறியின் மூன்று பைட்டுகள் பதினாறடிமானக் கணக்கில் (0 முதல் 9 வரை, பிறகு ஆங்கில ஏ முதல் எஃப் வரை) ஈ0, ஏஎஃப், 81. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் 13, 14, 15 என்று வந்து, அந்த 81 சரியாக 15ஆம் இடத்தில் உட்காருகிறது. விண்டோஸில் பைத்தானின் ஓப்பனுக்கு என்கோடிங், அதாவது எழுத்தைப் பைட்டாக்கும் முறை, என்ன என்று சொல்லாவிட்டால், அது அந்தக் கம்ப்யூட்டரின் பழைய கோட் பேஜை, அதாவது எந்த பைட் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையை, எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் பெரும்பாலும் அது 1252. அந்த 1252 அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்களில் எந்த எழுத்தும் கிடையாது. உகரக் குறி 81இல் முடிகிறது, புள்ளி 8டியில் முடிகிறது. எனவே அந்த அட்டவணை வழியாகப் படிக்கும் எந்தத் தமிழ் உரையும் முதல் உகரத்தையோ முதல் புள்ளியையோ தாண்டாது. இது ஊகம் இல்லை. ஒரு பேப்பரை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. தம்பி அதை ஒருமுறை நோட்பேடில் திறந்து சேமித்த பிறகு அதே எரர் 18ஆம் இடம் என்று மாறினால் பயப்பட வேண்டாம். யுடிஎஃப்-8 என்பதைக் காட்ட ஃபைலின் தலையில் ‘பாம்’ என்ற 3 பைட் அடையாளத்தை நோட்பேட் சேர்த்திருக்கிறது என்று அர்த்தம்.

‘ஃபைலைக் காணவில்லை’ என்ற முதல் எரர், பைத்தான் ஃபைலை மட்டும் அனுப்பியதால் வந்திருக்கும். இது ஊகம்தான். ஆனால் ஒன்று நிச்சயம்: வெறும் பெயரைக் கொடுத்து ஃபைலைத் திறந்தால், பைத்தான் அதை ப்ரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் தேடாது. எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினீர்களோ அங்கேதான் தேடும். உங்கள் லேப்டாப்பிலேயே வேறொரு ஃபோல்டருக்குப் போய் ஓட்டிப் பாருங்கள், அதே எரர் வரும்.

கோடும் உரையும் ஒரே ஃபைலில் இருப்பது பழைய வழக்கம். டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் 1964இல் கொண்டுவந்த பேசிக் மொழியிலேயே ரீட், டேட்டா என்ற இரண்டு கட்டளைகள் இருந்தன. நான் கம்ப்யூட்டர் சென்டரில் ஜிடபிள்யூ பேசிக் படித்தபோது கற்ற முதல் உருப்படியான விஷயம் அதுதான். 500ஆம் வரியிலிருந்து டேட்டா, டேட்டா என்று மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் எழுதிவைப்போம். மேலே ஒரு ரீட் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும். எடுக்க எதுவும் மிச்சமில்லாதபோது ‘அவுட் ஆஃப் டேட்டா’ என்று திரையில் வரும். மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டுமானால் ரீஸ்டோர் போட வேண்டும். அந்த ரீஸ்டோரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் அது தேவைப்படும்.

பெர்ல் 1987இல் வந்தது. அதில், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட டேட்டா என்ற சொல் தனி வரியாக வந்தால், கம்பைல் செய்யும் வேலை அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை பெர்ல் கோடாகப் பார்க்காது. எந்த ஃபைல் ஹேண்டில் (திறந்த ஃபைலில் எதுவரை படித்தோம் என்று நினைவில் வைத்திருக்கும் பிடி) வழியாக அது சோர்ஸைப் படித்துக்கொண்டு வந்ததோ, அதே ஹேண்டிலை மூடாமல், நின்ற இடத்திலேயே உங்களிடம் கொடுத்துவிடும். நீங்கள் அங்கிருந்து படித்துக்கொண்டு போகலாம். எளிமையான ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ரூபி மொழியும் இதை எடுத்துக்கொண்டது, ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு: நேரடியாக ஓட்டப்படும் ஃபைலின் அடியில் இருக்கும் உரை மட்டும்தான் கிடைக்கும், ரிக்வயர் செய்து இழுத்துக்கொண்ட ஃபைலின் அடியில் இருப்பது கிடைக்காது. பிஎச்பியில் இதே வேலைக்கு ‘ஹால்ட் கம்பைலர்’ என்று ஒன்று உண்டு.

இந்த ஏற்பாடு ஒருமுறை என்னை நன்றாகச் சோதித்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு சிறு கடைக்கு பெர்லில் ரசீது போடும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ரசீதின் தலைப்பு, முகவரி, கீழே வரும் நன்றி வாசகம் எல்லாம் தமிழில். அந்த அச்சு வடிவத்தை டேட்டாவுக்குக் கீழே வைத்திருந்தேன். சோதித்தபோது ஒரு ரசீது சரியாக வந்தது. கடையில் இரண்டாவது வாடிக்கையாளருக்கு வெறும் தொகை மட்டும் வந்தது, தலைப்பு இல்லை. காரணம் எளிது: முதல் ரசீதிலேயே ஹேண்டில் கடைசி வரைக்கும் போய்விட்டது, திரும்பி வரவில்லை. ரீஸ்டோர் நினைவுக்கு வந்தது. ஹேண்டிலைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் போதும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். மறுநாள் ரசீதுத் தாளில் வாடிக்கையாளரின் பெயருக்கு மேலே என் கோடே அச்சாகி வந்தது, முதல் வரியிலிருந்து. அந்த ஹேண்டிலுக்குப் பூஜ்யம் என்பது உரையின் தொடக்கம் இல்லை, சோர்ஸ் ஃபைலின் தொடக்கம். ஹேண்டில் கைக்கு வந்தவுடன் அது நிற்கும் இடத்தைக் குறித்துவைத்து, அந்த இடத்துக்குத்தான் திருப்ப வேண்டும். அதைவிட நல்லது, ஒரே தடவையில் முழுவதையும் படித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு ஹேண்டிலை மூடிவிடுவது. அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாவற்றிலும் அப்படித்தான் செய்கிறேன்.

அதே ரசீதில் இன்னொரு பிழையும் இருந்தது. வாடிக்கையாளருக்குக் காட்டும் வரி 40 எழுத்துக்கு மேல் போனால் வெட்டச் சொல்லியிருந்தேன். சோர்ஸ் யுடிஎஃப்-8 என்று பெர்லுக்கு அறிவிக்காததால் அது 40 பைட்டை எண்ணி, பதினான்காவது குறியீட்டின் நடுவில் வெட்டியது. வரியின் முனையில் எழுத்துக்குப் பதிலாக ஒரு கட்டம் வந்தது. ‘யூஸ் யுடிஎஃப்8’ என்ற வரி மேலே இருந்தால் டேட்டாவுக்குக் கீழே உள்ள உரையையும் பெர்ல் எழுத்தெழுத்தாகவே படிக்கும். இல்லாவிட்டால் பைட் பைட்டாகப் படிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வெட்டும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும்.

இதையெல்லாம் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சோர்ஸ் ஃபைலில் இருக்கும் உரை ப்ரோகிராமுக்குள் வர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கம்பைலர் வாசல்: மேற்கோள் குறிக்குள் எழுதிய ஸ்ட்ரிங், கோடின் ஒரு பகுதியாகவே படிக்கப்பட்டு உள்ளே வருகிறது. மற்றது ஃபைல் வாசல்: கோடு ஓடத் தொடங்கிய பிறகு ஒரு ஃபைலைத் திறந்து படிப்பது. பெர்லின் டேட்டா பார்வைக்கு முதல் வகைபோல இருந்தாலும் இரண்டாவது வாசல் வழியாகத்தான் வருகிறது. ஹேண்டில் எங்கே நிற்கிறது, என்ன என்கோடிங் என்ற தொல்லைகள் எல்லாம் அந்த வாசலுக்கே உரியவை. கம்பைலர் வாசலில் என்கோடிங் மொழியாலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. 2008இல் வந்த பைத்தான் 3.0 முதல், வேறு எதுவும் சொல்லாவிட்டால் சோர்ஸ் ஃபைல் யுடிஎஃப்-8 என்றே கொள்ளப்படும். விண்டோஸிலும் அப்படித்தான், லினக்ஸிலும் அப்படித்தான். தலையில் பாம் இருந்தாலும் பைத்தான் அதை அடையாளம் கண்டு தாண்டிவிடும். தம்பியின் கம்ப்யூட்டரில் கோட் பேஜ் எதுவாக இருந்தாலும் உங்கள் குறள் உடையாது.

ஆகவே என் பதில்: பெர்லின் வழியை பைத்தானில் நகலெடுக்க வேண்டாம். பைத்தானில் அப்படி ஒரு ‘இங்கே நிறுத்து’ அடையாளமும் கிடையாது. ஃபைலின் கடைசி வரி வரைக்கும் கோடாகவே படிக்கும். சிலர் உரையைக் கமெண்டாக, அதாவது ஓடாத குறிப்பாக, கீழே எழுதிவைத்து, ப்ரோகிராம் தன் சொந்த ஃபைலையே திறந்து படிக்கும்படி செய்வார்கள். அது ஓடும். ஆனால் நீங்கள் எதிலிருந்து தப்பிக்க வந்தீர்களோ அந்த ஃபைல் வாசலுக்கே அது திரும்பக் கூட்டிப்போகிறது. பைத்தான் ப்ரோகிராமை எக்ஸியாக மாற்றும் பைஇன்ஸ்டாலர் வைத்து ஒரே எக்ஸி ஃபைலாகக் கட்டினால் அந்தச் சோர்ஸ் ஃபைலே அங்கே இருக்காது.

மூன்று மேற்கோள் குறிக்குள் முழு உரையையும் போடுங்கள். ஒரு குறளுக்கு இரண்டு வரி, அடுத்த குறளுக்கு முன் ஒரு வெற்று வரி. ஃபைலின் மேலே வைத்தால் கோடைப் பார்க்க நான்காயிரம் வரி கீழே போக வேண்டியிருக்கும். எனவே ஃபங்ஷன்களை மேலே எழுதிவிட்டு, உரையைக் கீழே வைத்து, உரைக்கும் கீழே கடைசி வரியில் மெயின் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். ஃபங்ஷன் ஓடும் நேரத்தில் அந்தப் பெயர் இருந்தால் போதும் என்பதால் இது சரியாக வேலை செய்யும், பெர்லில் பார்த்த அதே அமைப்பும் கிடைத்துவிடும். வரிவரியாகப் படிக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்ப்ளிட்லைன்ஸ் போதும். ஏற்கெனவே எழுதிய கோடு ஒரு ஃபைலைத்தான் எதிர்பார்க்கிறது என்றால், ஸ்ட்ரிங்ஐஓ அந்த ஸ்ட்ரிங்கை ஃபைல்போலவே ஆக்கித் தரும். உங்கள் பழைய கோடில் ஓப்பன் இருக்கும் ஒரு வரியை மாற்றினால் போதும்.

இதில் மூன்று இடங்களில் கால் வழுக்கும். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு அடுத்த வரியில் உரையைத் தொடங்கினால், ஸ்ட்ரிங்கின் முதல் வரி வெறுமையாக இருக்கும். ஸ்ட்ரிப் போட்டு எடுத்துவிடுங்கள். உரையை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, கோடோடு சேர்த்து உள்ளே தள்ளி எழுதினால், அந்த இடைவெளிகளும் குறளின் பகுதியாகிவிடும். ஆகவே உரையை வெளியே, இடது ஓரத்தை ஒட்டி வையுங்கள். மூன்றாவது, கொஞ்சம் மறைந்திருக்கும் ஒன்று. ஃபைலின் தலையில் பெயர் வைக்காமல் ஒரு ஸ்ட்ரிங்கை எழுதினால் அது டாக்ஸ்ட்ரிங் (ஃபைலைப் பற்றிய விளக்கக் குறிப்பு) ஆகும், அதை டாக் என்ற பெயரில் எடுத்துக்கொள்ளலாம் என்று சில பாடங்களில் காட்டியிருப்பார்கள். பைத்தானை ஓட்டும் கட்டளையில் இரண்டு பெரிய ஓ என்ற ஆப்ஷனைப் போட்டு ஓட்டினால் டாக்ஸ்ட்ரிங் எல்லாம் கழற்றி எறியப்படும், 1330 குறளும் சேர்ந்து போகும். உரைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

அளவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பின்னால் யாராவது கேட்பார்கள். முதல் குறளில் 39 தமிழ்க் குறியீடுகள். அவற்றுக்கு 117 பைட், நடுவில் ஐந்து இடைவெளிக்கும் ஒரு வரி முறிப்புக்கும் 6, ஆக 123 பைட். எல்லாக் குறளும் இதே நீளம் இல்லை, ஆனாலும் இதை வைத்து மதிப்பிட்டால் முழு உரையும் 160 கிலோபைட்டைச் சுற்றி வரும். பைத்தானுக்கு அது ஒன்றுமே இல்லை. நேரடியாக ஓட்டும் ஃபைலை பைத்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கம்பைல் செய்யும், இம்போர்ட் செய்யும் ஃபைலை மட்டும்தான் கம்பைல் செய்த நிலையில் சேமித்துவைக்கும். அந்த நேரத்தையும் மிச்சம் பிடிக்க நினைத்தால் குறள்களை இன்னொரு பைத்தான் ஃபைலில் வைத்து இம்போர்ட் செய்யலாம். என் கணக்கில் இந்த அளவுக்கு அது தேவையே இல்லை, அதுவும் ஒரே ஃபைல் என்பதுதான் நீங்கள் கேட்டதே.

எல்லா மொழியும் இவ்வளவு தாராளம் கிடையாது. ஜாவாவில் 15ஆம் பதிப்பிலிருந்து மூன்று மேற்கோள் குறி போட்டுப் பல வரி உரையை அழகாக எழுதலாம், ஆனால் கம்பைல் ஆன கிளாஸ் ஃபைலில் ஒரு ஸ்ட்ரிங் 65,535 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கிலம் எழுதுபவருக்கு அது 65 ஆயிரம் எழுத்து. நமக்கோ 3 பைட் வீதம் 21,845 குறியீடுதான், சுமார் 500 குறளோடு நின்றுவிடும். சி மொழியில் தரநிலை கொடுக்கும் உத்தரவாதம் இன்னும் குறைவு: 1999 தரநிலைப்படி எந்தக் கம்பைலரும் 4,095 எழுத்து வரைக்குமான ஸ்ட்ரிங்கை ஏற்றாக வேண்டும், அதற்கு மேல் அவரவர் விருப்பம். அதனால்தான் சி எழுதுபவர்கள் நீண்ட காலமாக எக்ஸ்எக்ஸ்டி என்ற கருவியை வைத்து ஃபைலை எண்களின் வரிசையாக மாற்றிச் சேர்த்துவந்தார்கள். சி23 தரநிலையில்தான் எம்பெட் என்று நேரடி வழி வந்தது.

நான் இப்போது அதிகம் புழங்கும் கோ மொழியில் 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பிலிருந்து இதே வேலைக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, இந்த விஷயத்தில் நான் பார்த்தவற்றில் நேர்த்தியானவற்றில் ஒன்று. உரை தனி டெக்ஸ்ட் ஃபைலாகவே இருக்கும். ஒரு வேரியபிளுக்கு மேலே, இரண்டு சாய்கோட்டுக்குப் பின் கோ, முக்காற்புள்ளி, எம்பெட் என்று எழுதி ஃபைலின் பெயரைக் கொடுத்தால், கட்டும் நேரத்தில் அந்த உரை எக்ஸிக்குள்ளேயே போய்விடும். எழுதும்போது தனி ஃபைல், அனுப்பும்போது ஒரே ஃபைல். ஒரே ஒரு கவனம்: சாய்கோட்டுக்கும் கோவுக்கும் நடுவில் பழக்கதோஷத்தில் ஓர் இடைவெளி விட்டுவிட்டால் அது சாதாரணக் கமெண்ட் ஆகிவிடும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, வேரியபிள் காலியாக இருக்கும். ரஸ்ட் மொழியில் இதே வேலையைச் செய்யும் இன்க்ளூட்ஸ்டர் இன்னும் கண்டிப்பு. அந்த ஃபைல் சரியான யுடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் கம்பைலே ஆகாது.

அந்தக் கண்டிப்பு தமிழுக்கு நல்லது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் உட்பட, யூனிகோட் பரவுவதற்கு முந்தைய உரைகள் பல திஸ்கி போன்ற 8 பிட் முறைகளில் இருந்தன. அப்படிப்பட்ட பழைய பிரதி ஒன்றிலிருந்து சில பைட்டுகள் உங்கள் ஃபைலில் கலந்திருந்தால், கம்பைலர் வாசல் வழியாக வரும்போது பைத்தானும் ‘யுடிஎஃப்-8 அல்லாத பைட் இந்த வரியில் இருக்கிறது’ என்று வரி எண்ணோடு நிறுத்திவிடும். தம்பியின் கம்ப்யூட்டருக்குப் போய் உடைவதற்கு முன்பே உங்கள் லேப்டாப்பிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே வருவது சரியானாலும் வெளியே போவதில் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. விண்டோஸ் திரையில் பிரின்ட் செய்வதில் பைத்தான் 3.6க்குப் பிறகு எரர் வராது. கட்டங்களாகத் தெரிந்தால் அது அந்தக் கருப்புத் திரையின் ஃபான்ட் பிரச்சினை. ஆனால் தம்பி அந்த வெளியீட்டை அம்புக்குறி போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பினால், மறுபடியும் பழைய கோட் பேஜ் நடுவில் வந்து உட்கார்ந்து எரர் கொடுக்கும். ப்ரோகிராமின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை யுடிஎஃப்-8க்கு மாற்றும் ரீகான்ஃபிகர் வரி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

எப்போது உரையைக் கோடுக்குள் வைக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது விதி இல்லை, என் பழக்கம்: உரையை மாற்றப்போவது யார் என்று கேட்டுக்கொள்வேன். குறள் மாறாது; திருத்தினால் எழுத்துப்பிழையைத்தான் திருத்துவோம், அதை நீங்களே செய்வீர்கள். அது கோடுக்குள் இருக்கலாம். ஆனால் நாளை ஒரு தமிழாசிரியர் உங்களுக்காக எளிய உரை எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பைத்தான் ஃபைலைத் திறந்து மேற்கோள் குறிக்கு நடுவில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது நியாயம் இல்லை. அவருக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கொடுங்கள். அப்போது அதைப் பேக்கேஜுக்குள் வைத்து, இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் வழியாகத் திறந்து, என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிப் படியுங்கள். அது பேக்கேஜ் இருக்கும் இடத்தில் தேடும், ஜிப்புக்குள் இருந்தாலும் எடுக்கும். கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்றவற்றை மட்டும் எந்த நிலையிலும் இப்படி உள்ளே வைக்காதீர்கள். எக்ஸியாகக் கட்டினாலும் உள்ளிருந்து தோண்டி எடுப்பது கடினமான வேலை இல்லை.

பிறகு தேடல். அடுத்த கட்டமாக ‘இந்தச் சொல் வரும் குறள்’ என்று தேடும் வசதியைச் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அங்கேதான் போவார்கள். 423ஆம் குறளைப் பாருங்கள்: ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு’. ‘பொருள்’ மூன்று முறை வருகிறது. தேடினால் இந்தக் குறள் சில சமயம் வராது. ‘பொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதே காரணம்: பகரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாக, அல்லது பகரம், கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்ட்ரிங்கை ஒப்பிடும் பைத்தானுக்கு வேறு வேறு. கன்வர்ட்டர் வழியாக வந்த உரைகளில் இந்தப் பிரிந்த வடிவத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உரையையும் தேடும் சொல்லையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் மூலம், பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகும். ‘ஔ’வுக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால் மட்டும் நார்மலைஸ் உதவாது, அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கடைசியாக, ஓட்டும்போதெல்லாம் நடக்கும்படி ஒரு சரிபார்ப்பு வையுங்கள். வெற்று வரிகளை நீக்கினால் 2660 வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குறள் விழுந்திருக்கிறது, அதற்குப் பின் வரும் எல்லா எண்ணும் தப்பாகும். அசெர்ட் என்ற சோதனைக் கட்டளை வேண்டாம், ஒரு பெரிய ஓ போட்டு ஓட்டினாலே அது காணாமல் போய்விடும். இஃப் எழுதி எரர் எழுப்புங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு சொல் விடுபட்டிருக்கலாம். அதற்கு வள்ளுவரே ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று. உங்கள் பிரதி சீர் பிரித்ததாக இருந்தால், ஒவ்வொரு வரியையும் இடைவெளியில் ஸ்ப்ளிட் செய்து 4, 3, 4, 3 என்று வருகிறதா என்று பார்த்து, வராத வரியின் எண்ணை பிரின்ட் செய்யுங்கள். சந்தி பிரித்த பிரதியில் சொற்களின் எண்ணிக்கை மாறும் என்பதால் இது பொருந்தாது. அகர முதலக் குறளை நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது சீர் பிரித்த பிரதிபோலத்தான் தெரிகிறது. ஓட்டிப் பாருங்கள். ஏதாவது வரி எண் வந்தால் அந்தக் குறளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.